விற்காத பாய்

ஓட்டாரா, ஆக்லாந்து
9 மார்ச் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா, கடை நலமா, நம் பன்றி நலமா? முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

எனக்கு இங்கே பிடிக்கவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் பௌலினே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அவள் தோளில் இருந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் "என்னை அம்மான்னு கூப்பிடு" என்றாள். நான் பௌலினே என்றுதான் கூப்பிட்டேன். அவள்தான் என்னைப் பெற்றாள் என்று எனக்குத் தெரியும். அது நம் தீவில், நேயாஃபு முழுக்கத் தெரிந்ததுதானே. மூத்த மகளின் முதல் குழந்தை அவளுடைய அம்மாவுக்கு என்று கொடுத்த பிறகு திரும்பக் கேட்கலாமா? கடையில் விற்ற சாமானை நீங்கள் திரும்ப வாங்கமாட்டீர்களே.

பௌலினேயின் புருஷன் செமிசி இறைச்சி ஆலையில் வேலை செய்கிறார். அதிகம் பேசமாட்டார். சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து எனக்கு ஒரு துண்டு தள்ளிவிடுவார். தம்பிப் பாப்பா என் சட்டையில் வாந்தி எடுத்தான்.

எனக்குத் தனிக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். படுத்தால் உள்ளே விழுவதுபோல இருக்கிறது. எல்லாரும் தூங்கியதும் இறங்கித் தரையில் படுத்துக்கொள்கிறேன். தரை குளிர்கிறது. நம் பாய் இருந்தால் நன்றாக இருக்கும். நம் இரண்டு பேர் படுக்கிற பாயைச் சொல்கிறேன், ஓரத்தில் நான் கடித்துப் பிய்த்த பாய். அதில் இப்போது நீங்கள் நடுவில் படுக்கிறீர்களா, இல்லை என் இடத்தை விட்டுவிட்டுப் படுக்கிறீர்களா?

எப்போது வந்து கூட்டிப்போவீர்கள்?

உங்கள் மகள்
ஹிங்கானோ


நேயாஃபு
20 ஏப்ரல் 1986

அன்புள்ள ஹிங்கானோ,

உன் கடிதம் கப்பலில் வந்தது. பன்றி நலம். கடையும் நலம். நானும் அந்த வரிசையில்தான் இருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில். நான் கூட்டிப்போக வரமாட்டேன். உன்னை அனுப்பியது திரும்பி வாங்குவதற்கு அல்ல. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, இங்கே என் கடை இருக்கிறது. இரண்டில் எது உனக்கு லாபம் என்று நான் கணக்குப் போட்டுத்தான் அனுப்பினேன்.

இன்னொன்று. உறைமேல் "அம்மா" என்று எழுதாதே. அந்த உறையைத் தபாலில் போடுவது பௌலினே. உன்னைப் பெற்றபோது அவளுக்குப் பதினெட்டு வயது. பதினைந்து நாள் பால் கொடுத்தாள். பிறகு என் கையில் உன்னைக் கொடுத்துவிட்டுப் படகேறினாள். படகு முனை திரும்பி மறையும்வரை கரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குதித்திருப்பாள். வழக்கம் வழக்கம்தான், ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது. உறையில் பாட்டி என்று போடு.

தொலைபேசியில் பேசச் சொல்லி அவளிடம் கேட்காதே. துறைமுக ஆபீசில் போய் நின்று பேச வேண்டும். நான் ஒரு வார்த்தை பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் அதற்கு மூன்று பதில் சொல்வார்கள்.

சும்மா அழுதுகொண்டிருக்காமல் எனக்கு ஒரு வேலை செய். அங்கே நம் கோயிலில் ஞாயிறன்று அறிவிப்பு வாசிப்பார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்கு உடம்பு மோசம் என்று கவனித்து எழுது. அதைப் பார்த்துத்தான் நான் அங்கே விற்கப் பாய் அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு மெல்லிய வெள்ளைப் பாய். சாவுக்கு எது என்று உனக்குத் தெரியும், கடையில் வளர்ந்தவள்தானே. மறந்திருந்தால் சொல்கிறேன். செத்தவருக்குத் தூரத்து உறவென்றால் பாயை உடைமேல் இடுப்பில் சின்னதாக, நல்லதாகக் கட்டுவார்கள். நெருக்கம் கூடக்கூடப் பாய் பெரிதாகும், பழசாகும், முரடாகும். செத்தவரின் சொந்தப் பிள்ளை என்றால் மார்பிலிருந்து கால்வரை கிழிந்த பாய். அதனால்தான் என் கடையில் பழைய பாய்க்கும் ஆள் வருகிறது. சுத்தமான சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது.

பாயில் நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்டாய். ஓரத்தில்தான். நடுவில் படுத்துப் பழக்கமில்லை.

லோசலினே


ஓட்டாரா
13 ஜூலை 1986

அன்புள்ள அம்மாவுக்கு (உறையில் பாட்டி என்றுதான் எழுதியிருக்கிறேன்),

நீங்கள் சொன்ன வேலை. ஆகஸ்டில் இரண்டு கல்யாணம். பாடகர் குழுவில் தடிமனாக ஒரு தாத்தா இருக்கிறார், அவருக்கு மூச்சு வாங்குகிறது. மூத்த போதகரின் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். ஆனால் போன ஞாயிறு எழுந்து நின்று பாடினாள், அதனால் அவளுக்கு இப்போதைக்குப் பாய் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான் பௌலினேயிடம் பேசுவதில்லை. பேசினாலும் உப்பு, தண்ணீர், கதவு, அவ்வளவுதான். அவள் சலவைக்கூடத்து வேலையிலிருந்து வரும்போது கை வெந்து சிவந்திருக்கும். அந்தக் கையால் என் தலையைத் தொட வருவாள். நான் நகர்ந்துகொள்வேன்.

தொட்டதில்தான் பேன் இருப்பது தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நர்சும் சீட்டு அனுப்பினாள். பௌலினே என்னைக் குளியலறையில் உட்காரவைத்து, முடி முழுவதையும் காதுக்கு மேலே வெட்டிவிட்டாள். நீங்கள் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. நான் அழவில்லை. அவள்தான் அழுதாள். போட்டோ அனுப்பியிருக்கிறேன். பார்த்து அவளைத் திட்டுங்கள்.

உங்கள் மகள்
ஹிங்கானோ


நேயாஃபு
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஹிங்கானோ,

உன் போட்டோ செய்த காரியத்தைக் கேள்.

கடையில் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தகரச் சாமான் வாங்க ஒருவன் வந்தான். போட்டோவை மேசைமேல் வைத்துவிட்டு அவனைக் கவனிக்கப் போனேன். அடுத்த வீட்டு ஃபுசி வந்தாள். அவள் எதைப் பார்த்தாலும் எடுத்துப் பார்ப்பாள் என்று உனக்குத் தெரியும். எடுத்தாள். மொட்டை மாதிரி வெட்டிய தலை, கறுப்புச் சட்டை, சிரிப்பில்லாத மூஞ்சி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் கறுப்பு உடையில் கூட்டம். முன்னால் போதகர். பின்னால் பெண்கள் பாயும் எண்ணெய்க் குப்பியுமாக அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஃபுசி என் காலைக் கட்டிக்கொண்டு "ஐயோ லோசலினே, உன் பௌலினே போயிட்டாளே" என்கிறாள்.

ஒரு நிமிஷம் நானும் அதை நம்பிவிட்டேன். இவர்களுக்கு ஏதோ தந்தி வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு "யார் சொன்னா?" என்றேன்.

"புள்ள முடிய வெட்டியிருக்கே, செத்த அம்மாவுக்கில்லாம வேற யாருக்கு வெட்டுவா?"

"பேனுக்குடி. பேனுக்கு வெட்டியிருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. போதகர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வந்தது வந்தோம், ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போகலாம் என்றார். பேனுக்கு ஜெபம் செய்த முதல் போதகர் அவராகத்தான் இருப்பார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ரொட்டியும் தேநீரும் கொடுத்து அனுப்பினேன். பாயை எல்லாம் அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். ஃபுசி மட்டும் வாங்க மறுத்துவிட்டாள். "துக்கத்துக்குன்னு சுமந்து வந்தத நான் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகமாட்டேன். வச்சுக்க, எப்பவாவது ஆகும்" என்றாள். பரண்மேல் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று வாசலில் அந்த ஒரு நிமிஷம் நின்றேனே, அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். பௌலினே செத்துப்போனாள் என்று நான் நம்பிய நிமிஷம். அவளைத் திட்டச் சொல்லி எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு என்னால் அவளைத் திட்ட முடியாது.

ஒரு விளையாட்டுக்குச் சொல்கிறேன். நான் சாகும்போது நீ மறுபடி முடி வெட்ட வேண்டாம். இதையே எனக்கு முன்பணமாக வரவு வைத்துக்கொள்கிறேன்.

சிறுநீரகக்காரியைத் தொடர்ந்து கவனி.

லோசலினே


ஓட்டாரா
9 நவம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல செய்தி. நான் கிறிஸ்துமஸ் கப்பலில் வருகிறேன்.

நேற்று பௌலினே என் தட்டில் சேம்பு இலையில் சுற்றி வேகவைத்த இறைச்சி வைத்தாள். உங்களைப் போலவே தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்திருந்தாள். நான் சாப்பிடவில்லை. "அம்மா செய்யறது மாதிரி இல்ல" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். செமிசி முதல் தடவையாக என்னிடம் நீளமாகப் பேசினார்.

"இங்க பாரு. உனக்குப் போகணும்னா நான் அனுப்பறேன். ஆனா எங்களுக்கு இன்னும் தங்கறதுக்குக் காகிதம் வரல. போனா நீ திரும்பி வர முடியாது. உன்னப் பெத்தவளும் அங்க உன்னப் பார்க்க வர முடியாது. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? திரும்பி வருவதற்கா போகிறேன்? பெட்டியில் துணி எடுத்து வைத்துவிட்டேன். பௌலினே அந்தப் பெட்டியைப் பார்த்தாள். என் கம்பளிச் சட்டையை மடித்து உள்ளே வைத்தாள். நம் ஊரில் கம்பளி எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா.

நான் வந்ததும் உங்களுக்குக் கடையில் உதவி செய்வேன். இப்போது நன்றாகக் கணக்கு வருகிறது. பன்றிக்குச் சொல்லிவையுங்கள்.

உங்கள் கையெழுத்து ஏன் இப்போது வரிக்கு மேலே ஏறி ஏறிப் போகிறது? படகில் உட்கார்ந்து எழுதினீர்களா?

உங்கள் மகள்
ஹிங்கானோ


நேயாஃபு
30 நவம்பர் 1986

ஹிங்கானோ,

வராதே.

பன்றியை விற்றுவிட்டேன். நம் பாயை யாருக்கோ கொடுத்துவிட்டேன். நீ படுத்த அறையைச் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டேன். வந்தால் உனக்கு இடமில்லை.

நான் உன்னை வளர்த்தேன், அது முடிந்தது. பத்து வயதுவரை என் வேலை, இனி பௌலினேயின் வேலை. நான் உனக்குப் பாட்டி. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டி எப்படியோ அப்படி. உறையில் மட்டுமல்ல, உள்ளேயும் அப்படியே எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அந்த இறைச்சியைச் சாப்பிட்டிருக்க வேண்டும். அதை அவளுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

லோசலினே


ஓட்டாரா
10 மே 1987

அன்புள்ள பாட்டிக்கு,

நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

சென்ற ஞாயிறு பிள்ளைகள் வசனம் சொல்லும் நாள். நான் தடங்கல் இல்லாமல் சொன்னேன். வெள்ளை உடுப்பு அம்மா தைத்தாள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லத் தானும் வாயசைத்தாள். தம்பி நடக்கிறான். முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறாள்.

சிறுநீரகம் கெட்ட அம்மாள் மார்ச்சில் இறந்துவிட்டார். தாங்கள் பாய் அனுப்பாததால் எல்லாரும் வேறு ஆளிடம் வாங்கினார்கள். தாங்கள் இப்படி ஒரு வியாபாரத்தைக் கைவிட மாட்டீர்களே என்று அம்மா யோசித்தாள்.

பாயை யாருக்குக் கொடுத்தீர்கள்? இதை அம்மா கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

தங்கள் பேத்தி
ஹிங்கானோ


நேயாஃபு
16 ஆகஸ்ட் 1987

அன்புள்ள ஹிங்கானோ,

இது ஃபுசியின் கையெழுத்து. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் கண்ணுக்கு இப்போது கோடு தெரிவதில்லை.

உன் மே மாதக் கடிதத்தை ஃபுசி வாசித்துக் காட்டினாள். நல்ல கடிதம். ஒரு பிழை இல்லை. "பேத்தி" என்று போட்டிருந்தாய். நான் கேட்ட சரக்கை, கேட்டபடியே அனுப்பியிருக்கிறாய். குறை சொல்ல ஒன்றுமில்லை.

(நான் ஃபுசி எழுதுகிறேன். அதை வாசித்த அன்றைக்கு அவள் கடையைச் சாத்திவிட்டாள். மத்தியானம். மழைகூட இல்லை.)

"என்னடி இவ்வளவு நேரம் எழுதற? நான் சொன்னது ரெண்டு வரிதானே."

"பேனா மக்கர் பண்ணுது."

பௌலினேயிடம் சொல். இந்தக் கப்பலில் ஒரு பெட்டி வருகிறது. மேலே இருப்பது விற்பதற்கு. எட்டு வெள்ளைப் பாய், அவள் எடுத்துக்கொள்ளட்டும், செமிசியின் காகித வேலைக்கு உதவும். கடையை ஃபுசியின் மகன் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு வியாபாரம் வராது. கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுக்கிறான்.

(குட்டி, அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். சர்க்கரை வியாதியில் அவள் இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். போன நவம்பரிலேயே கால் அழுகத் தொடங்கிவிட்டது. நீ வருகிறேன் என்று எழுதிய அன்று அவள் அந்தக் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தை வாசித்தாள். பன்றியை விற்கவில்லை. உன் அறையில் சரக்கு இல்லை. இப்போது வலது காலும் கறுக்கிறது. ஆஸ்பத்திரியில் இனி வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.)

"ஏய், என்ன எழுதற? வாசிச்சுக் காட்டு."

வாசித்துக் காட்டினேன். திட்டினாள். நான் பேனாவை வைத்துவிட்டேன். பிறகு அவளே "எடு, எழுது" என்றாள். இனி அவள் சொல்வது.

சரி. போட்டு உடைத்துவிட்டாள். இனி மூடிவைத்து என்ன.

ஹிங்கானோ, நீ அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தால் எனக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கும். ஒரு வருஷம் நீ என் காலைக் கழுவியிருப்பாய். பிறகு நான் போயிருப்பேன். நீ யாரிடம் இருந்திருப்பாய்? திரும்பிப் போகவும் முடியாது, பௌலினே வரவும் முடியாது. மழை வருவது தெரிந்தால் சரக்கை முன்னாலேயே ஏற்றிவிட வேண்டும், நனைந்த பிறகு ஏற்றினால் யாருக்கும் ஆகாது. அதைத்தான் செய்தேன். வலித்திருக்கும். எனக்கும் ஒன்றும் இனிப்பாக இல்லை.

அவள் உனக்கு எண்ணெய் தேய்க்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் ஃபுசியை நான்கைந்து தடவை வாசிக்கச் சொன்னேன்.

பெட்டியில் அடியில் ஒரு பாய் இருக்கிறது. அது விற்பதற்கு அல்ல. ஓரத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். யாருக்கும் கொடுக்கவில்லை. நேற்றுவரை அதில்தான் படுத்தேன், ஓரமாக. இன்றுதான் ஃபுசி என் அடியிலிருந்து உருவினாள். எனக்கு அவள் கொண்டுவந்த அந்தத் துக்கப் பாய் பரணில் இருக்கிறது. அதற்கு வேலை வந்துவிட்டது.

நீ கடையில் வளர்ந்தவள். எந்தப் பாய் யாருக்கு, எதற்கு என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

முடியை வெட்டாதே. அது ஏற்கெனவே வரவாகிவிட்டது.

லோசலினே


ஓட்டாரா
13 செப்டம்பர் 1987

அம்மா,

பெட்டி போன வாரம் சனிக்கிழமை வந்தது. கடிதத்தை நான் வாசிப்பதற்கு முன்னால் செமிசி மேல் பாய்களை எடுத்துவிட்டார். அடியில் இருந்ததைப் பார்த்து "இந்தக் கிழிசல யார் வாங்குவா?" என்றார். நான் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். என் பல் பட்ட இடம். பழசு, முரடு, பெரிசு. என் உயரத்துக்கு மார்பிலிருந்து தரைவரை வருகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. கடிதம் வேண்டியிருக்கவில்லை.

உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். போகாதீர்கள், காகிதம் வந்ததும் வருகிறோம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஃபுசி அத்தையின் தந்தி வந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. இதை ஃபுசி அத்தைக்கு அனுப்புகிறேன். வாசித்துவிட்டு உங்கள் கல்லறை மணல்மேல், கருங்கல்லுக்கு அடியில் வைப்பாள்.

இன்று கோயிலுக்குப் பாயைக் கட்டிக்கொண்டு போனேன். கயிற்றால் அவள்தான் கட்டிவிட்டாள், பௌலினே. பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பார்த்தார்கள். பாயில் மண்ணெண்ணெய் வாசனையும் உங்கள் தைல வாசனையும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. நடுவும் என் பக்கமும் அவ்வளவு தேயவில்லை.

நீங்கள் சொன்னபடி நான் முடி வெட்டவில்லை. அவள் வெட்டிக்கொண்டாள். கத்திரிக்கோலை என் கையில் கொடுத்து, குளியலறையில் என் முன்னால் உட்கார்ந்தாள். காதுக்கு மேலே வெட்டச் சொன்னாள். வெட்டினேன்.

கோயில் வாசலில் அறிவிப்பு வாசிக்கிற அம்மாள் என் பாயைப் பார்த்துவிட்டு, பிறகு அவள் தலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பாயா கட்டியிருக்கா புள்ள. யார் போயிட்டா, பாட்டியா?" என்று கேட்டாள்.

பௌலினே என் பாயின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இல்ல" என்றாள். "அவ அம்மா."

இன்று கட்டிலில் பாயை விரித்தோம். அவள் நடுவில் படுக்கவில்லை.

உங்கள் மகள்
ஹிங்கானோ